அறிந்த பின்னும் கேட்பது

ஒரு கல்லூரி நிர்வாகம் தன் மாணவர் ஒருவர் தவறு செய்தார் என்பதை ஐயமற அறிந்திருக்கும்போது, தண்டனை விதிப்பதற்கு முன் அவரை அழைத்து அவர் தரப்பைக் கேட்க வேண்டிய கடமை அதற்கு உண்டா என்ற கேள்வி, சட்டத்தின் எல்லைக்குள் எழுவதாயினும் சட்டத்தால் மட்டும் விடை காண இயலாதது. தேர்வுக்கூடத்தில் துண்டுச்சீட்டோடு பிடிபட்டவரிடமும், கண்காணிப்புக் கேமராவில் முகம் பதிவானவரிடமும், தாமே ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டவரிடமும் இனிக் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று கல்லூரி முதல்வர்கள் எண்ணுவது அலட்சியத்தால் மட்டும் அன்று. அந்த எண்ணத்தில் ஒரு தர்க்கமும் இருக்கிறது. கேட்பதன் நோக்கம் உண்மையை அறிவதுதான் என்றால், உண்மை முன்னரே தெரிந்துவிட்ட இடத்தில் கேட்பது வெறும் சடங்காகிவிடும் என்பதே அத்தர்க்கம். சட்டம் இயற்கை நீதி என்ற பெயரால் குறிப்பது இரண்டு விதிகளை: ஒருவருக்குப் பாதகமான முடிவை அவர் தரப்பைக் கேளாமல் எடுக்கலாகாது என்பது ஒன்று, தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக அமரலாகாது என்பது மற்றொன்று. இவற்றுள் முதல் விதி எதை அடிப்படையாகக் கொண்டது என்பதை ஆராயப் புகும்போது, நீதிமன்றத் தீர்ப்புகளைவிடச் சமய நூல்களே அதிகம் கைகொடுக்கின்றன.

இந்த உறவு தற்செயலானது அன்று. 1717இல் முதலாம் ஜார்ஜ் மன்னர் கேம்பிரிட்ஜுக்கு வருகை தந்தபோது இறையியல் முனைவர் பட்டம் பெற்றவர்களிடமிருந்து, டிரினிட்டி கல்லூரித் தலைவரும் இறையியல் பேராசிரியருமான ரிச்சர்ட் பென்ட்லி, ஆளுக்கு 4 கினி கட்டணம் கேட்டு வாங்கினார். பணத்தைத் திரும்பப் பெறுவதற்காக, அவர்களுள் ஒருவரான கானியர்ஸ் மிடில்டன் துணைவேந்தரின் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அழைப்பாணை வந்தபோது பென்ட்லி அந்த நீதிமன்றத்தையே இகழ்ந்து பேசியதாகக் கூறப்பட்டு, 1718இல் அவருடைய பட்டங்கள் அனைத்தும் பறிக்கப்பட்டன. அவர் மாணவர் அல்லர் என்பதும், யாருக்கும் எளிதில் இணங்காத மனிதர் என்பதும் உண்மையே. எனினும் ஒரு பல்கலைக்கழகம் தன் உறுப்பினர்மேல் எடுக்கும் ஒழுங்கு நடவடிக்கைக்கு எல்லை உண்டா என்ற கேள்விக்கு இவ்வழக்கே மூலமாக நிலைத்துவிட்டது. 1723இல் வழக்கு லண்டனில் மன்னரின் நீதிமன்றத்துக்கு வந்தபோது, நீதிபதி ஃபோர்டெஸ்க்யூ ஆதியாகமத்தைச் சான்றாகக் காட்டினார்: விலக்கப்பட்ட கனியை உண்ட ஆதாமைக் கடவுள்கூட அழைத்து, எங்கே இருக்கிறாய், உண்டாயா என்று கேட்ட பின்னரே தண்டித்தார்; ஏவாளிடமும் அவ்வாறே கேட்டார் என்பது அவர் எடுத்துரைத்த கருத்தின் சாரம். அடுத்த ஆண்டில் பென்ட்லிக்குப் பட்டங்கள் திரும்பக் கிடைத்தன.

இந்த மேற்கோள் நீதிமன்றப் பேச்சுக்கு அழகு சேர்ப்பதற்காகச் சொல்லப்பட்டது என்று கடந்துவிடலாம். ஆனால் அதன் உட்பொருள், மேலே கண்ட தர்க்கத்தை அடியோடு மறுக்கிறது. கேட்பது அறிவதற்காக மட்டுமே என்றால், எல்லாம் அறிந்த கடவுள் கேட்டிருக்கவே வேண்டியதில்லை. 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த யூத உரையாசிரியர் ராஷி இவ்விடத்துக்கு உரை எழுதும்போது, ஆதாம் எங்கே இருந்தான் என்பது கடவுளுக்குத் தெரியும் என்றும், அவன் அஞ்சி வாயடைத்துப் போகாமல் பேச்சில் கலந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே அக்கேள்வி எழுந்தது என்றும் விளக்குகிறார். அதாவது அங்கே கேள்வி என்பது தகவல் திரட்டும் கருவி அன்று; தண்டிக்கப்படப் போகிறவனை, வெறும் விசாரணைப் பொருள் என்ற நிலையிலிருந்து உயர்த்தி, மறுமொழி கூறும் உரிமையுடைய ஒருவனாக நிறுத்தும் செயல். அதே கதையில் பாம்பிடம் மட்டும் கடவுள் எதையும் கேட்கவில்லை என்பதையும் யூத அறிஞர்கள் கவனிக்கத் தவறவில்லை. பிறரைத் தீமைக்குத் தூண்டுகிறவனுக்காக வாதாட வேண்டியதில்லை என்ற முடிவை யூதர்களின் சட்ட நூலான பாபிலோனிய தல்மூத் இதிலிருந்தே பெறுகிறது. கேட்கும் மரபு ஒவ்வொன்றும் தன் வாசலில் யாரோ ஒருவரைக் கேளாமலே விட்டுவைத்திருக்கிறது என்ற செய்தி பின்னரும் நமக்குத் தேவைப்படும்.

நீதிமன்றங்கள் இந்த உட்பொருளை எப்போதும் பின்பற்றியதாகச் சொல்ல முடியாது. 1970இல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழக வளாகத்தில் சில மாணவர்கள் ஆடையின்றி நடமாடியபோது, துணைவேந்தர் அவர்களுள் ஒருவரை அழைத்துக் கேளாமலே அபராதம் விதித்ததோடு, வளாகத்தில் தங்கவும் தடை விதித்தார். 1971இல் வழக்கை விசாரித்த நீதிபதி, துணைவேந்தர் தம் கடமையிலிருந்து தவறினார் என்று ஏற்றுக்கொண்டார். ஆயினும் நடந்ததை மாணவர் மறுக்கவில்லை என்பதாலும், தண்டனை பொருத்தமானதே என்பதாலும் நிவாரணம் எதுவும் தர மறுத்துவிட்டார். கேட்டிருந்தாலும் முடிவு மாறியிராது என்பதே இத்தீர்ப்பின் அடித்தளம். இதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன், 1969இல், அந்நாட்டின் மற்றொரு நீதிபதியான மெகாரி, ஓர் அரசியல் கட்சி தொடர்பான வழக்கில் இதற்கு நேர்மாறாகப் பேசியிருந்தார்: ஐயத்துக்கே இடமில்லை என்று தோன்றிய வழக்குகள் கேட்ட பின் வேறாகியிருக்கின்றன, மறுக்கவே முடியாதவை எனப்பட்ட குற்றச்சாட்டுகள் முழுதும் மறுக்கப்பட்டிருக்கின்றன என்பது அவர் தந்த எச்சரிக்கை.

மெகாரியின் வாதம் வலிமையானதுதான்; ஆனால் அதுவும் கேட்பதை உண்மை காணும் வழியாகவே மதிக்கிறது. நிர்வாகம் தவறாக அறிந்திருக்கக்கூடும், ஆகவே கேள் என்கிறது. சரியாகவே அறிந்திருந்தாலும் கேள் என்று சொல்லும் துணிவு அதற்கு இல்லை. கீல் மாணவரின் வழக்கில் நடந்தது என்ன என்பதில் கருத்து வேறுபாடு இல்லை என்பது சரியே. ஆனால் நடந்ததற்கு என்ன பொருள், அதற்கு எந்த அளவுத் தண்டனை தகும், அத்தண்டனை அவரது படிப்பை எப்படிப் பாதிக்கும் என்பவை அனைத்தும் கேட்கப்படாமலே முடிவு செய்யப்பட்டன. செயலை அறிவதும் செய்தவரை அறிவதும் ஒன்றல்ல என்பதை அத்தீர்ப்பு கணக்கில் எடுக்கவில்லை. இந்திய உச்ச நீதிமன்றம் இவ்விடத்தில் சற்று விரிந்த பார்வை உடையது. 1954இல் உத்தரப் பிரதேச இடைநிலைத் தேர்வில் காப்பி அடித்ததாகச் சொல்லி மூன்று மாணவர்களின் தேர்ச்சியை ரத்து செய்து, அடுத்த ஆண்டுத் தேர்வு எழுதவும் தடை விதித்த கல்வி வாரியத்தின் செயல் செல்லாது என 1962இல் அது தீர்ப்பளித்தது. கேட்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதப்படவில்லை என்றாலும், ஒருவரது வாழ்க்கையையே திசைமாற்றும் முடிவு கேளாமல் எடுக்கத் தக்கதன்று என்பது அதன் நிலைப்பாடு. மறுபுறம், பீகாரில் ஒரு தேர்வு மையம் முழுவதிலும் காப்பி நடந்தது என்று கண்டு அம்மையத்தின் தேர்வையே ரத்து செய்த வழக்கில், தனித்தனியே எவரையும் கேட்க வேண்டியதில்லை என 1970இல் அது கூறியது. அங்கே எந்தத் தனி மாணவர்மீதும் குற்றம் சுமத்தப்படவில்லை என்பதே வேறுபாடு.

அறிந்த பின்னும் கேட்பதை ஒரு முழுமையான நடைமுறையாக வகுத்த பெருமை பௌத்தத் துறவியரின் ஒழுக்கநூலான விநய பிடகத்துக்கு உரியது. பௌத்த விகாரைகள் ஆசிரியரும் மாணவரும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து கற்ற இடங்கள். ஆதலால் அங்கே எழுந்த ஒழுங்கு வழக்குகள் இன்றைய விடுதி வழக்குகளைப் பெரிதும் ஒத்திருக்கின்றன. வழக்குகளைத் தீர்க்க அந்நூல் ஏழு வழிகளைக் கூறுகிறது. அவற்றுள் முதலாவது சம்முகா விநயம், அதாவது முன்னிலையில் தீர்த்தல். துறவியர் சங்கத்தின் முன்னிலை, அறத்தின் முன்னிலை, விதியின் முன்னிலை, வழக்குக்குரிய ஆட்களின் முன்னிலை என நான்கு முன்னிலைகளும் கூடினாலன்றித் தீர்ப்பு செல்லாது. பிக்குகளுள் ஒரு குழுவினர், எதிரே இல்லாதவர்கள்மேல் கண்டன நடவடிக்கை எடுத்ததை ஒட்டியே இவ்விதி பிறந்ததாக அந்நூலின் சுல்லவக்கம் என்ற பகுதி கூறுகிறது.

இரண்டாவது வழி பிறந்த கதை இன்னும் நுட்பமானது. தப்ப மல்லபுத்தர் என்னும் பிக்கு, சங்கத்தில் தங்குமிடம் ஒதுக்குவதையும் உணவுக்கு ஆள் பிரித்து அனுப்புவதையும் கவனித்து வந்தார். இன்றைய சொல்லில் விடுதிக் காப்பாளர் எனலாம். தங்களுக்குத் தொடர்ந்து மட்டமான இடமும் மட்டமான சோறும் கிடைப்பதற்கு அவரே காரணம் என்று எண்ணிய பிக்குகள் சிலர், மெத்தியா என்ற பிக்குணியைத் தூண்டி, அவர் தன்னைக் கெடுத்துவிட்டதாகப் புகார் சொல்ல வைத்தனர். புத்தர் தப்பரை அழைத்து, இவ்வாறு செய்ததாக நினைவிருக்கிறதா என்று கேட்டார். என்னைப் பற்றித் தாங்கள் அறிவீர்களே என்றார் தப்பர். புத்தர் இரண்டாம் முறை கேட்டார். மூன்றாம் முறையும் கேட்டார். அதே மறுமொழியே வந்தது. அப்போது புத்தர், குற்றச்சாட்டை இப்படி மறுப்பது முறையன்று, செய்திருந்தால் செய்தேன் என்றும் செய்யாதிருந்தால் செய்யவில்லை என்றும் உன் வாயால் சொல் என்கிறார். பிறந்த நாள் முதல் கனவிலும் அத்தகையது நிகழ்ந்ததில்லை என்று தப்பர் சொன்ன பின்னரே வழக்கு முடிகிறது. நீதிபதியின் அறிவை வாக்குமூலத்துக்கு மாற்றாக வைக்கக் குற்றம் சாட்டப்பட்டவரே முன்வந்தபோதும், அந்த அறிவு சரியானதாகவே இருந்தபோதும், அதை ஏற்க மறுத்தது இம்மரபு. நிரபராதியை விடுவிப்பதற்கும் அவர் சொல் தேவைப்பட்டது என்றால், குற்றவாளியைத் தண்டிப்பதற்கு அது தேவையில்லை என்பது பொருந்தாது.

ஒப்புதலின் அடிப்படையில் தீர்ப்பதும் அந்த ஏழு வழிகளுள் ஒன்று. ஆனால் ஒருவர் செய்தது ஒரு குற்றமாகவும் ஒப்புக்கொண்டது வேறொரு குற்றமாகவும் இருந்து, ஒப்புக்கொண்டதற்கே சங்கம் தண்டனை விதித்தால், அந்நடவடிக்கை முறையற்றது என்று விநயம் திட்டவட்டமாகக் கூறுகிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் வேரூன்றிவிட்ட மன்னிப்புக் கடித வழக்கத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்ப்பது தகும். வகுப்பில் தகராறு, விடுதிக்குத் தாமதமாகத் திரும்பியது, கைப்பேசி பிடிபட்டது என எதுவாயினும், மாணவர் துறைத்தலைவரின் அறைக்கு அழைக்கப்படுகிறார். ஒரு வெள்ளைத்தாள் தரப்படுகிறது. இனி இவ்வாறு நடந்துகொள்ள மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்திடுமாறும், மறுநாள் பெற்றோரை அழைத்து வருமாறும் சொல்லப்படுகிறது. எழுதிக் கொடுத்தால் வகுப்புக்குப் போகலாம், இல்லாவிட்டால் மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போகலாம் என்ற நிலையில் எழுதப்படும் அக்கடிதத்தில், எது நடந்தது என்பதைவிட எது எழுதச் சொல்லப்பட்டது என்பதே இருக்கும். பல மாதங்கள் கழித்து வேறொரு பிரச்சினை எழும்போது, முன்னரே குற்றத்தை ஒப்புக்கொண்டவர் என்பதற்கு அக்கடிதம் கோப்பிலிருந்து சான்றாக எடுக்கப்படுகிறது. இதில் நேர்மைக்கேடு எதுவும் இருப்பதாகப் பேராசிரியர்கள் பெரும்பாலும் உணர்வதில்லை. பெரிய தண்டனையிலிருந்து பையனைக் காப்பாற்றிவிட்டதாகவே அவர்கள் உளமார நம்புகிறார்கள். கேட்காமல் மன்னிப்பதும் கேட்காமல் தண்டிப்பதன் மென்மையான வடிவமே என்று கொள்ள வேண்டியிருக்கிறது.

இம்மனநிலைக்குப் பின்னால் நிற்பது, ஆசிரியர் பெற்றோரின் இடத்தில் இருப்பவர் என்ற பழைய கருத்து. 1913இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநில நீதிமன்றம், பெரியா கல்லூரி வழக்கில், மாணவர்களின் ஒழுக்கத்தைப் பொறுத்தவரை கல்லூரி பெற்றோருக்கு நிகரானது என்று வெளிப்படையாகவே கூறியது. அக்கருத்தின் உள்ளீடற்ற தன்மை 1960இல் வெளிப்பட்டது. அலபாமா மாநிலக் கல்லூரியின் கறுப்பின மாணவர்கள், மாண்ட்கோமரி நீதிமன்றக் கட்டிடத்தில் இருந்த வெள்ளையருக்கான சிற்றுண்டிச் சாலையில் அமர்ந்து உணவு கேட்டதற்காக, அவர்களுள் ஒன்பது பேர் எந்த விசாரணையும் இன்றி வெளியேற்றப்பட்டனர்; எந்தத் தவறுக்காக என்பதுகூட அவர்களுக்கு வந்த கடிதத்தில் தெளிவாக இல்லை. வெளியேற்றும் முடிவை எடுத்த கல்வி வாரியத்தில் மாநில ஆளுநரும் அமர்ந்திருந்தார் என்பது, அங்கே பேசியது பெற்றோரின் குரல் அன்று, அரசின் குரல் என்பதைக் காட்டப் போதுமானது. அரசுக் கல்லூரி ஒன்று மாணவரை வெளியேற்றுவதற்கு முன் குற்றச்சாட்டைத் தெரிவித்து அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று 1961இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் விதித்தது.

கல்லூரி ஒழுங்கு வழக்கில் குற்றம் சாட்டுபவரும், சாட்சியும், நீதிபதியும் பல வேளைகளில் ஒரே நிறுவனத்தின் ஊழியர்கள். இயற்கை நீதியின் இரண்டாம் விதி இங்கேதான் முதல் விதியோடு பின்னிக்கொள்கிறது. முடிவை முன்னரே எடுத்துவிட்டவர் கேட்பதால் கேட்பது நிறைவேறாது. தமிழ் மரபில் இதற்கு ஒரு வியத்தகு எதிர்க்காட்சி உண்டு. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில், சுந்தரர் தனக்கு அடிமை என்று வழக்காட முதியவராக வரும் சிவபெருமான், திருவெண்ணெய்நல்லூர் அவையின் முன் வெறும் வழக்காளியாகவே நிற்கிறார். தலைவனும் அவரே, உண்மை அறிந்தவரும் அவரே. எனினும் அந்தணர் அந்தணருக்கு அடிமையாவது வழக்கத்தில் உண்டா என்று அவையோர் ஐயுறுகிறார்கள். ஆட்சி, ஆவணம், அயலார் சாட்சி என்ற மூன்றில் ஒன்றைக் காட்டுமாறு கேட்கிறார்கள். சுந்தரர் முன்னர்க் கிழித்தெறிந்த அடிமை ஓலை வெறும் படி என்றும் மூலஓலை தம்மிடம் உண்டென்றும் அவர் சொல்ல, சுந்தரருடைய பாட்டனாரின் கையெழுத்தோடு அதை ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்பு வருகிறது. குற்றம் சாட்டும் தரப்பு எவ்வளவு உயர்ந்ததாயினும் மெய்ப்பிக்கும் சுமை அதற்கே உரியது என்பதையும், அவை அதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதையும் பக்தி நூல் ஒன்று இவ்வளவு துணிவாகக் காட்டியிருக்கும்போது, முதல்வர் சொல்லிவிட்டார் என்ற ஒரே காரணத்தால் விசாரணைக் குழு தலையாட்டுவதற்கு நியாயம் ஏதும் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகள், பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவில் துணைவேந்தர், பதிவாளர், துறைத்தலைவர் போன்றோர் இடம்பெறலாகாது என்று விலக்கியிருப்பதும், 2023ஆம் ஆண்டின் குறைதீர்ப்பு விதிமுறைகள் மேல்முறையீட்டுக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி போன்ற ஒருவரைக் குறைகேட்பவராக நியமிக்கச் சொல்வதும் இந்தச் சிக்கலை உணர்ந்தே. ஏனைய ஒழுங்கு வழக்குகளுக்கு அத்தகைய விலக்கு பரவலாக இல்லை என்பதே குறை.

இதுவரை சொன்னவை குற்றம் சாட்டப்பட்டவரின் பக்கம் நின்று சொன்னவை. புகார் கொடுத்தவரைக் கேட்பது எப்படி என்ற கேள்வி இதைவிடக் கடினமானது. தப்பரின் கதைக்குத் திரும்பினால், அவரை மூன்று முறை கேட்ட அதே அவையில் மெத்தியா எவ்வாறு நடத்தப்பட்டார் என்பது உறுத்துகிறது; அவரை நீக்கிவிடுங்கள் என்ற கட்டளைதான் வருகிறது; அதன் பின்னரே தூண்டியவர்கள் தங்கள் பங்கை ஒப்புக்கொள்கிறார்கள். இது பழைய உரையாசிரியர்களையும் உறுத்தியிருக்கிறது. இலங்கையில் மகாவிகாரைப் பிரிவினரும் அபயகிரிப் பிரிவினரும், அவருடைய சொந்த ஒப்புதலின்பேரில் நீக்குங்கள் என்று பாடம் இருந்ததா இல்லையா என்று வழக்கிட்டு, பாதிய மன்னன் தன் அமைச்சரைக் கொண்டு அதைத் தீர்க்க வேண்டியதாயிற்று என்று சமந்தபாசாதிகை என்னும் விநய உரை பதிவு செய்கிறது. ஆதாமின் கதையில் பாம்பு பெற்ற இடத்தை இங்கே பிக்குணி பெறுகிறார். தூண்டப்பட்டவர் கேட்கப்படவில்லை, தூண்டியவர்கள் கேட்கப்பட்டார்கள் என்பது மட்டும் தலைகீழ்.

2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, இந்த இடைவெளியை அடைக்க முயல்கிறது. புகாரை மெய்ப்பிக்க முடியாமற்போவது மட்டுமே புகார்தாரர்மேல் நடவடிக்கை எடுக்கக் காரணமாகாது. தீய நோக்கம் இருந்தது என்பதைத் தனியே விசாரித்து நிறுவிய பின்னரே நடவடிக்கை பரிந்துரைக்கலாம் என்று அது கூறுகிறது. அதாவது, புகார்தாரர் குற்றம் சாட்டப்பட்டவராக மாறும் கணத்தில் அவருக்கும் கேட்கப்படும் உரிமை புதிதாகத் தொடங்குகிறது. இதற்கு வெகு முன்னரே, 1972இல் ராஞ்சி ராஜேந்திர மருத்துவக் கல்லூரியின் மாணவியர் விடுதிக்குள் இரவில் புகுந்து அத்துமீறிய மாணவர்கள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் மற்றொரு முடிச்சை அவிழ்க்க வேண்டியிருந்தது. விசாரணைக் குழு மாணவியரின் வாக்குமூலங்களைக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் இல்லாதபோது பதிவு செய்தது. மற்ற மாணவர்களின் படங்களோடு கலந்து வைக்கப்பட்ட புகைப்படங்களிலிருந்து மாணவியர் அவர்களை அடையாளம் காட்டினர். பின்னர் அம்மாணவர்களை அழைத்துக் குற்றச்சாட்டைச் சொல்லி விளக்கம் பெற்றுக்கொண்டு, நால்வரை இரண்டு ஆண்டுகளுக்கு வெளியேற்றினர். மாணவியரை எதிரே நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதித்திருந்தால் அவர்களது பாதுகாப்புக்கே ஆபத்து நேர்ந்திருக்கும் என்பதை ஏற்று, 1973இல் நீதிமன்றம் அந்நடைமுறையைச் சரி என்றது. விநயத்தின் முன்னிலை விதியோடு இத்தீர்ப்பு முரண்படுவதாகத் தோன்றலாம். ஆனால் முன்னிலை என்பது இரு தரப்பும் ஒரே அறையில் முகம் பார்த்து நிற்பதாக மட்டுமே இருக்க வேண்டியதில்லை. சுமத்தப்பட்டது முழுவதும் தெரிந்து அதற்கு மறுமொழி கூறும் வாய்ப்பு இருந்தால் முன்னிலையின் சாரம் காக்கப்பட்டுவிடுகிறது. பெயரை மறைப்பதும் குற்றச்சாட்டை மறைப்பதும் வெவ்வேறானவை. கல்லூரிக் குழுக்கள் முன்னதன் பெயரால் பின்னதைச் செய்துவிடுவதுண்டு.

நடைமுறை முழுவதும் சரியாக இருந்தும் நீதி தோற்கக்கூடும் என்பதற்கு விநயமே கோசாம்பி வழக்கைச் சான்றாகத் தருகிறது. உரைகள் கூறுவதன்படி, ஒரு பிக்கு கழிப்பறைப் பாத்திரத்தில் மிச்சத் தண்ணீரை விட்டுவந்ததே தொடக்கம். அது குற்றமா அன்றா என்பதில் அவரது எண்ணம் மாற, குற்றத்தைக் காண மறுக்கிறார் என்று சங்கம் அவரை இடைநீக்கம் செய்தது. அவருடைய மாணவர்கள் ஒருபுறமும் நீக்கியவர்கள் மறுபுறமுமாகச் சங்கமே பிளவுபட்டது. புத்தர் நீக்கியவர்களிடம் சென்று, இவரை நீக்கினால் சங்கம் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்துச் செய்யுங்கள் என்றார். நீக்கப்பட்டவர் தரப்பிடம் சென்று, அறிவுடைய பலர் சொல்லும்போது அவர்கள்மேல் கொண்ட மதிப்பின் பொருட்டாவது ஒப்புக்கொள்ளுங்கள் என்றார். இரு தரப்பும் கேளாததால் காட்டுக்குச் சென்றுவிட்டார். ஊரார் பிச்சையிட மறுத்த பின்னரே அவர்கள் இறங்கி வந்தார்கள். நீக்கப்பட்டவர் விதியைத் தாமே மீண்டும் ஆராய்ந்து குற்றத்தை ஏற்க, இடைநீக்கம் விலக்கப்பட்டது. காரணத்தின் வேரை ஆராயாமல் வெறுமனே கூடிவிட்டால் அந்த ஒற்றுமை செல்லுமா என்று உபாலி என்னும் பிக்கு கேட்டபோது, செல்லாது என்ற விடையும் கிடைத்தது.

இவ்விடைநீக்கத்தில் இன்றைய கல்லூரிகளுக்குப் புதிராகத் தோன்றக்கூடிய ஒரு கூறு உண்டு. நீக்குவதற்கு எவ்வளவு முறையான நடவடிக்கை வேண்டுமோ, அதே அளவு முறையான நடவடிக்கையைச் சங்கம் திரும்பச் சேர்ப்பதற்கும் வகுத்திருந்தது. தண்டனை பெற்றவர் வேண்டிக்கொண்டால் அவை கூடி அதை விலக்கும். கல்லூரியில் இடைநீக்கக் காலம் முடிந்து திரும்பும் மாணவருக்கு அத்தகைய அவை எதுவும் கூடுவதில்லை. வருகைப் பதிவேட்டில் விடுபட்ட நாட்கள் அப்படியே நிற்க, தேர்வு எழுதத் தகுதி இல்லை என்ற இரண்டாம் தண்டனை யாரும் விதிக்காமலே வந்து சேர்கிறது. மாற்றுச் சான்றிதழின் நடத்தை என்ற கட்டத்தில் எழுத்தர் இடும் ஒற்றைச் சொல், எந்த விசாரணைக் குழுவும் பரிந்துரைக்காத மூன்றாம் தண்டனையாகி, அடுத்த கல்லூரியின் சேர்க்கை அலுவலகம்வரை அவரோடு செல்கிறது.